தூக்குநூல் வளைந்த விவகாரம்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. என் இடது கண் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே உன் வீட்டாரும், உன் உளி, இழைப்புளி முதலானவையும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மூன்று மாதமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ செய்து கொடுத்த வாசல் நிலை கோணல் என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னதுதான் காரணம். முப்பது வருஷம் சுவர் எழுப்பிய கொத்தனார் கண் பொய் சொல்லுமா? நிரூபிக்கலாமென்று தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், குண்டு அசையாமல் நிற்குது, நூல் மட்டும் இடுப்பில் வளைஞ்சு நிற்குது! நூலில்தான் கோளாறு என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டி மூன்று நூல் மாற்றினேன். அப்புறம் தெருவிளக்குக் கம்பம் வளைஞ்சுது, பேப்பரில் வரி நெளிஞ்சுது, ஒருநாள் காலையில் உன் அண்ணி மூக்கே ஒரு பக்கமா ஒதுங்கிப்போச்சு. அதை மட்டும் வெளியே சொல்லவில்லை, சாப்பாடு வேணுமில்லையா?

அவள்தான் கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். அவர் கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, "கோடெல்லாம் நேரா தெரியுதுங்களா?" என்றார். "போட்டவனுக்கு வேலை தெரியலைம்மா" என்றேன். பிறகு ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள்ளே படம் எடுத்தார்கள். விழித்திரையைக் குறுக்கே வெட்டினாற்போல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நடுவில் ஒரு மேடு, அதற்கடியில் கறுப்பாய் ஒரு திட்டு.

"அது தண்ணிங்க. அடியில புதுசா ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. வயசானா சிலருக்கு வரும். இது ஈர வகை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஓதம் ஏறித் தரைஓடு தூக்கிக்கிச்சு! "நாலு நாள் வெயில்ல காட்டினா காயாதாம்மா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியே விட்டா தழும்பாகி நடுப்பார்வை போயிடும். திங்கட்கிழமையே கண்ணுக்குள்ள ஊசி போடணும், அப்புறம் மாசாமாசம்" என்றார்.

ஆகவே, நிலையில் குற்றமில்லை என்பது படத்தின் கருத்து. என் கருத்தை ஒத்திவைத்திருக்கிறேன். மூணு மாடி உயரச் சாரத்தில் நின்றவன் ஊசிக்கா பயப்படுவேன்? சொட்டுமருந்து விட்டு மரத்துப்போக வைப்பார்களாம். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்.

உன் பிள்ளைகள் நன்றாய் வளர, உன் கைக்கு வேலை குறையாதிருக்க வாழ்த்தும்,
அண்ணன்.

பி.கு.: மேலே எழுதினதெல்லாம் வீம்புடா. பயமா இருக்கு. நிலை நேராத்தான் இருக்கு, அத்தனை பேர் முன்னால சொன்னது என் தப்பு. திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா. பேசாட்டாலும் பரவாயில்ல, என்னை உள்ளே கூப்பிடற வரைக்கும் பக்கத்துல உட்காரு.