பச்சைச் சாணிக் கோசம்பரி

பேசத் தெரியாதவன் கையில் நல்ல பொருள் ஒன்று கிடைத்தால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து. வாயால் சொல்ல வராததையெல்லாம் அந்தப் பொருளை நீட்டியே சொல்லப் பார்ப்பான். எனக்குக் கிடைத்தது முள்ளங்கி.

பாகலூரில் வீடு கட்டியபோது பின்பக்கம் நாலு பாத்தி போடுகிற அளவுக்கு இடம் மிஞ்சியது. அதுவரை நான் வளர்த்தது மீசை மட்டும்தான். பக்கத்து வீட்டில் மாடு வைத்திருந்த கன்னடக்கார அம்மா, காலையில் ஒரு கூடைச் சாணியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். சூடு ஆறாத சாணி. அதை வாளியில் கரைத்து, மக்கில் மொண்டு, செடிகளுக்குத் தலையோடு ஊற்றுவேன். (கம்பெனியில் கையுறை இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேன். கண்ணாடி, ஷூ, ஹெல்மெட் எல்லாம் உண்டு. தோட்டத்தில் வெறுங்கை.)

பிறகு நடந்தது இன்றைக்கும் எனக்குப் புரியாத அதிசயம். மண்ணுக்குள் யாரோ உட்கார்ந்து காற்றடித்ததுபோல முள்ளங்கி பருத்தது. கொத்தமல்லி புதராக எழுந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டை மாற்றாமல் பாத்தி முன்னால் போய் நிற்பேன். மாடு வேண்டாமென்று கழித்தது, இப்படிப் பச்சைப் பசேலென்று நிற்கிறதே என்று வாய் பிளப்பேன். கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கவிதாவைப் பெண் பார்க்கத் தளிப் பக்கத்திலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. காய்கறி விவசாயம் செய்கிற குடும்பம். பையனுக்கு ஓசூரில் வேலை. கவிதாவுக்கு அந்தப் பையனை ஏற்கெனவே பிடித்திருந்தது. (எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.) "இது தட்டிப்போச்சுன்னா வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

சம்பந்தி வீட்டாரிடம் நான் என்ன பேசுவேன்? எனக்குப் பதிலாக முள்ளங்கி பேசட்டும் என்று முடிவு செய்தேன். கேசரியும் பஜ்ஜியும் எந்த வீட்டில்தான் இல்லை? ஊறவைத்த பயத்தம்பருப்பில் கேரட், முள்ளங்கி துருவிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளி, எலுமிச்சை பிழிந்து கோசம்பரியும் செய்யச் சொன்னேன். காய் எல்லாம் நம் தோட்டத்தது. எல்லாம் பச்சை.

மனைவி நல்ல தண்ணீரில் கழுவப் போனாள். தடுத்தேன். "மார்க்கெட் காய்க்குத்தான் மருந்து அடிப்பாங்க, அதைக் கழுவோணும். இது நம்ம காய். நானே அலசிட்டேன்." (எந்த வாளியில் அலசினேன் என்று கேட்காதீர்கள். தோட்டத்துக்கு இருந்தது ஒரே வாளி.)

வந்தவர்கள் மூன்று பேர்: பையன், அப்பா, அம்மா. அந்த அம்மா தோட்டம் பார்க்க வேண்டும் என்றார். போனார். குனிந்து ஒரு கொத்தமல்லி இலையைத் தொட்டார். விரலை மோந்தார். வாளியைப் பார்த்தார். "செடி ஜோரா வந்திருக்குதுங்க" என்றார். நான் பூரித்துப்போனேன்.

கோசம்பரியைப் பையனின் அப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையனும் குறை வைக்கவில்லை. அந்த அம்மா மட்டும் அன்றைக்கு விரதம் என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஆனால் பஜ்ஜி சாப்பிட்டார். அது என்ன விரதம் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் மதியம் மெஷினை அணைத்துவிட்டு ஓடியவன்தான், சாயந்தரம்வரை வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவிக்கும் அதே கதி, மகளுக்கும் அதே கதி. டாக்டர் விசாரித்தார். மனைவி வாளிவரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். அதற்குள் தளியிலிருந்து செய்தி: பையனுக்கும் அப்பாவுக்கும் டிரிப்ஸ் ஏறுகிறது. கவிதா உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. (என் ரத்தம்தானே.)

நானே ஃபோன் செய்தேன். அந்த அம்மா எடுத்தார். எனக்குக் குரல் வரவில்லை.

"நீங்கதான்னு தெரியுதுங்க அண்ணா. மூச்சு சத்தம் கேக்குது."

"சாணி..." என்றேன்.

"தெரியுங்க. எலையிலயே ஒட்டியிருந்துச்சு, பச்சைச் சாணி. அதான் நான் தொடல."

சொல்லியிருக்கலாமே என்று முனகினேன்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல, உங்க காயில சாணி இருக்குதுன்னு எப்படிங்க சொல்றது? எங்க வீட்டுக்காரரு மூணாந்தரம் கேக்கறப்ப காலை மிதிச்சேன். அவருக்கு ஒறைக்கல." குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்தும் சும்மா இருந்தேன்னு அவருகிட்ட சொல்லிராதீங்க. பொண்ணு எங்களுக்குப் புடிச்சுப்போச்சு."

ஒரே பார்வையில் என் மானத்தைக் காப்பாற்றி, தன் வயிற்றையும் காப்பாற்றி, மருமகளையும் முடிவு செய்துவிட்டு, புருஷனைக் கடவுளிடம் ஒப்படைத்த பெண்மணியை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. (பிற்பாடு கல்யாணப் பந்தியில் அவரே எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.)

நிச்சயம் முடிந்ததும் அந்த அம்மா ஒருநாள் வந்து சாணியையெல்லாம் மூலையில் காய்ந்த சருகோடு குவிக்க வைத்தார். நடுநடுவே கிளறிவிட வேண்டும், மாதக்கணக்கில் கிடந்து மக்க வேண்டும், விதைப்பதற்கு முன்னால் மண்ணோடு கலக்க வேண்டும், பச்சையாகத் தின்கிற செடிமேல் சாணித் தண்ணீர் ஊற்றவே கூடாது என்றார். அடுத்த முறை வந்தபோது குவியலுக்குள் கையை விடச் சொன்னார். விட்டேன். பனி விழுகிற காலையில் உள்ளே அப்படிக் கொதித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வேகுதுங்க அண்ணா. அங்க வேகலைன்னா நம்ம வயித்துல வேகும்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் நான் கொண்டுபோகிற எதையும் அந்த வீட்டில் யாரும் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவியது என்று சத்தியம் செய்தாலும் நம்புவதில்லை. போன மாதம் கொய்யாப்பழம் கொண்டுபோனேன். சம்பந்தி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"கவிதா, உங்கப்பா வந்திருக்காரு. குக்கரை எடுத்து வையிம்மா."