ஆறாம் மேடையில் இறங்கிய மரியாதை

சர்ர்ர். அவ்வளவுதான் அந்தச் சத்தம். ட்ராமில் எதிர் இருக்கையில் ஒரு குழந்தை தன் சப்பாத்தின் வெல்க்ரோவைப் பிரிக்கிறது; ஒட்டுகிறது; மறுபடி பிரிக்கிறது. மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தின் ஆறாம் மேடை. என் இரண்டு கைகளும் தாமாகவே போய் இடுப்பைப் பற்றிக்கொள்கின்றன. வயிற்றுவலிக்காரன் என்று நினைத்துப் பக்கத்திலிருப்பவர் நகர்ந்து இடம் விடுகிறார். (இடம் கிடைப்பது நல்லதுதானே. காரணத்தை நான் திருத்துவதில்லை.)

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், ஜெர்மனியில், நான் கில்ட் அணிகிறவன். ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும், கட்டம் போட்ட, பின்பக்கம் மடிப்பு வைத்த, முழங்காலோடு நின்றுவிடும் அந்தக் கம்பளி உடுப்பைத்தான் சொல்கிறேன். திருவிழாவுக்கு அல்ல. பேக்கரியில் பாண் வாங்க, பல் வைத்தியரிடம் போக, குப்பை கொட்ட.

தொடக்கம் கவித்துவமானதல்ல. எனக்குக் குடலிறக்கம் வந்தது. வெட்டித் தைத்த வைத்தியர், சில வாரங்களுக்கு இடுப்பை இறுக்கும் எதையும் அணியாதீர்கள் என்றார். வீட்டில் சாரம் இருந்தது, இடுப்பில் சுற்றிக் கட்டும் லுங்கிதான். ஆனால் சாரத்தோடு வாசலைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. தாண்டினால் முப்பது வருட ஜெர்மன் வாழ்க்கையும் சேர்ந்து அவிழ்ந்துவிடும் என்று ஒரு பயம். அப்போதுதான் பழைய பொருள் சந்தையில், ஒரு உடைந்த விளக்குக்கும் ஒரு சோடி பனிச்சறுக்குச் சப்பாத்துக்கும் நடுவில், கரும்பச்சையில் சிவப்புக் கோடு ஓடிய அந்தக் கில்ட் தொங்கியது. சுற்றிப் பார்த்தேன். முப்பது வருடமாகத் தனித்தனிச் சிறைகளில் இருந்த என் கால்கள் இரண்டும் அன்று ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. காற்று வந்து நலம் விசாரித்தது. காயம் ஆறிய பின்னும் நான் அதைக் கழற்றவில்லை.

தெருவில் என்னைக் கண்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரர் முதலில் பார்க்கமாட்டார்கள். பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரமம் என் முதுகில் சுடும். பேருந்துத் தரிப்பிடத்தில் ஒரு மூதாட்டி மட்டும் நேராகக் கேட்டார், குளிரவில்லையா என்று. குளிர்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தானும் அறுபது வருடமாகப் பாவாடைதான் அணிவதாகவும் ஒருவரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். இளைஞர்கள் உள்ளே என்ன என்று கேட்டார்கள். உதைபந்தாட்டம் பார்க்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர் நால்வர் என்னைத் தெருவின் நடுவில் கட்டிப்பிடித்து, எந்தக் குலம் என்றார்கள். ஊர்ப் பெயரைத் தவிர எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை, கரவெட்டி என்றேன். கரவெட்டிக் குலம் வாழ்க என்று நால்வரும் பியர்ப் போத்தலை உயர்த்தினார்கள்.

நம்மவர்கள்தான் இரக்கம் காட்டவில்லை. தமிழ்க் கடையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "கவிதை எழுதிறவை கடைசியா இப்பிடித்தான் ஆவினமோ?" (மெதுவாக என்றால், மிளகாய்த்தூள் அடுக்கியிருந்த கோடி வரைக்கும் கேட்கிற மெதுவு.)

இதெல்லாம் தாங்கக்கூடியது. ஆபத்து என் கைகளில் இருந்தது. சாரம் கட்டி வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாரத்தின் கரையைத் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினால் அது சண்டிக்கட்டு. வேலைக்கும், நடைக்கும், வீறாப்புக்கும் அது வசதி. ஆனால் மூத்தவர் ஒருவர் எதிரே வந்தால் கை தானாகப் போய்க் கட்டைத் தளர்த்தி, சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிவிடும். வணக்கம் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை; இறக்க மறந்தால் வளர்ப்புச் சரியில்லை என்றாகிவிடும். எனக்கு அந்தப் பழக்கத்தை உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்து ஏற்றிவிட்டவர் என் அண்ணை.

கில்டின் கரையோ எப்போதும் முழங்காலில் நிற்கிறது. என் மூளைக்கு அது ஸ்கொட்லாந்து என்று தெரியும். கைகளுக்குத் தெரியாது. கைகளைப் பொறுத்தவரை நான் இருபத்து நாலு மணி நேரமும் சண்டிக்கட்டோடு திரிகிறவன். போதாக்குறைக்கு, கில்டின் தோல் வார்கள் பழசாகி அறுந்துபோக, தையல்கடையில் வேலை செய்யும் என் மனைவி வசந்தி அவற்றை வெட்டியெறிந்துவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்துத் தந்திருந்தாள். ஒருநாள் தமிழ்க் கடை முதலாளியின் தகப்பனார் உள்ளேயிருந்து வந்தபோது என் கை போய்ப் பாதி பிரித்தேவிட்டது. ஐந்து கிலோ அரிசிப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தப்பினேன். வசந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது சாரமில்லை எண்டு உங்கடை கைக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால், அரிசிப் பையைக் கீழே வைக்காமல் வாழ்நாள் முழுவதும் நடந்திருக்கலாம்.

இனி அண்ணை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதலில் ஜெர்மனிக்கு வந்தவர், என்னைக் கூப்பிட்டவர், நான் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் தன் ஒரே கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டுவிட்டவர். பேர்லினில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் பல வருடம் கோப்பை கழுவினார். ஊருக்கு ‘ஹோட்டலில் வேலை’ என்று மட்டும் எழுதினார். ஊர் அவரை மனேச்சராக்கியது. அவர் அதை மறுக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் அவர் கட்டியிருந்த ஒரே உடுப்பு அது.

நான் அதைப் பற்றிக் கவிதை எழுதினேன். நீராவிக்குள் கரைகிற முகம், வெந்நீரில் வெளுத்த விரல்கள், யாரோ தின்று மிச்சம் வைத்த மீனின் கண், எல்லாம் எழுதினேன். அண்ணை என்றே எழுதினேன். சின்னப் பத்திரிகைதான், நூறு பேர் படிப்பார்கள் என்று நினைத்தேன். படித்த நூறில் ஒருவர் அண்ணியின் தம்பி. ஒரு மாதத்துக்குள் ஊரில் மனேச்சர் செத்துப்போனார்.

அண்ணை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "எழுத்தெண்டா ஒண்டையும் மறைக்கேலாது அண்ணை" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: "ஊர் பார்க்க என்னை உரிஞ்சு விட்டிட்டாய்." வைத்துவிட்டார். ஒன்பது வருடம் அந்த ஒரு வசனத்தோடு இருந்தேன். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அது பக்கத்தில் நின்று படித்தது.

வசந்தியும் அண்ணியும் மட்டும் பேச்சை விடவில்லை. அந்த வழியாகத்தான் ஒரு பங்குனி மாதத்தில் செய்தி வந்தது. பொன்னில், அதாவது பான் நகரில், படிக்கும் மகளைப் பார்க்க அண்ணை போகிறார். டோர்ட்மண்டில் இறங்கி வேறு ரயில் ஏறுவார். நடுவில் நாற்பது நிமிடம் இருக்கும். ‘அவன் வந்து நிண்டா நிக்கட்டும்’ என்றாராம். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கதவில் ஒரு நீக்கல்.

அன்று காலை வசந்தி கட்டிலில் கறுப்பு நீளக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் எடுத்து வைத்திருந்தாள். நான் காற்சட்டையைப் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். வங்கியில் கடன் கேட்கப் போகிறவன் நின்றான். கழற்றினேன். கில்டைச் சுற்றிக்கொண்டு வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணையின் முன்னால் வேடம் போட ஏலாது, நான் நானாகவே போகிறேன் என்று அறிவித்தேன். (அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிலை வைக்கச் சொல்லும் குரல்.)

"நீங்கள் நீங்களாப் போகவேண்டாம்," என்றாள் வசந்தி. "காற்சட்டையோட போங்கோ."

போகவில்லை.

ஆறாம் மேடையில் அரை மணி நேரம் முன்னதாக நின்றேன். ரயில் பிந்தியது. பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு முப்பத்தொன்று. பலகையில் எண் மாற மாற என் நாற்பது நிமிடமும் கரைந்து ஒன்பதாகியது. வருடத்துக்கு ஒரு நிமிடம். நான் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்: அண்ணை, நான் செய்தது பிழை, மன்னியுங்கோ. எளிமையான வசனம். உவமை இல்லை. மூன்று தரம் உவமை சேர்க்கப் பார்த்து மூன்று தரமும் நீக்கினேன்.

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. சாம்பல் தலை, கொஞ்சம் குனிந்த தோள், ஒரு சின்ன உருட்டுப் பெட்டி. அண்ணை இறங்கினார். வயதாகிவிட்டார். அவர் வயதாகும்போது நான் பக்கத்தில் இல்லை என்பது ஒரு அடிபோல விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தை, பிறகு கில்டை, பிறகு என் வெறும் முழங்கால்களை.

மூத்தவர். எதிரே. என் கரை முழங்காலில்.

சர்ர்ர்.

எட்டு முழக் கம்பளி ஒரு பெருமூச்சோடு என் காலடியில் உட்கார்ந்தது. உள்ளே அரைக்காற்சட்டை இருந்தது, எப்போதும் இருக்கும், அந்த இளைஞர்களுக்கு இப்போதாவது பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கழிந்து மலிவில் விற்றபோது வசந்தி வாங்கிய அரைக்காற்சட்டை. அதில் பத்துப் பன்னிரண்டு நத்தார்த் தாத்தாக்கள் பங்குனி மாத வெளிச்சத்தில் கையசைத்தார்கள். தூரத்தில் ஒருவர் கைதட்டினார். ஒலிபெருக்கி, பிந்தியதற்கு வருந்துவதாகச் சொன்னது.

எனக்குக் குனியத் தெரியவில்லை. அண்ணை சிரிக்கவில்லை. அருகே வந்தார்.

"ஏன்டா இறக்கினனீ?"

"உங்களைக் கண்டவுடனை... கை தானாப் போயிட்டுது அண்ணை."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பெட்டியை விட்டுவிட்டு, நோகிற முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கில்டை எடுத்து, சின்னப்பிள்ளைக்குச் சாரம் உடுத்துவதுபோல என்னைச் சுற்றினார். முடிச்சுப் போட்டுப் பார்த்தார். கம்பளி முடிச்சுக்கு மசியவில்லை. அப்போது இரண்டு பொலிசார் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டாள். அண்ணை நிமிர்ந்து, கோப்பை கழுவிப் படித்த தன் ஜெர்மன் மொழியில் நிதானமாக விளக்கினார்: இவன் என் தம்பி, எங்கள் ஊரில் மூத்த சகோதரனைக் கண்டால் இப்படித்தான் மரியாதை செய்வது.

அவள் அண்ணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறர் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு நகர்ந்தாள். டோர்ட்மண்டில் ஒரு பொலிஸ்காரி இன்றைக்கும் தமிழர்களைப் பற்றி என்ன நம்பிக்கொண்டிருக்கிறாளோ, அதற்காக இந்தக் கட்டுரையின் மூலம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் காதில் வேறொன்றுதான் நின்றது. தம்பி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல், அதுவும் ஜெர்மன் மொழியில், பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலமாக.

அண்ணை தன் காற்சட்டையிலிருந்து பெல்ட்டை உருவினார். என் இடுப்பில் கட்டினார். கொக்கியை ஒன்றுக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். காயம் ஆறிவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். எதிர்ப்பக்கத்தில் பான் போகும் ரயில் வந்து நின்றது. இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. "அண்ணை, நான்..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுதான் சொல்லிட்டாயே."

பிறகு நடந்தவை பலருக்குத் தெரியும். அந்த பெல்ட் இப்போதும் கில்டின் மேல்தான் இருக்கிறது, அண்ணை திருப்பிக் கேட்டதில்லை. பேர்லினில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வரும். அண்ணை ‘எப்பிடி இருக்கிறாய்’ என்று கேட்பதில்லை, ‘உடுத்திருக்கிறியோ?’ என்றுதான் தொடங்குவார். இங்கே மணியடித்தவுடனேயே வசந்தி, "பெல்ட்டைப் பிடியுங்கோ, அண்ணை லைனில" என்று தருவாள். அவருடைய மகளின் சிநேகிதிகள் என்னைச் சித்தப்பா என்று அறிவதில்லை. ஆறாம் மேடை என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ஒரு கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு, மறுகையால் பெல்ட் இல்லாத காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, அண்ணை ரயிலில் ஏறினார். கையசைக்க அவரிடம் கை இல்லை. வாசலில் திரும்பி நின்றார். கதவு மூடப்போகிறது என்று மணி கத்தியது. அப்போதுதான் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே சொன்னார்:

"இதை எழுது, தம்பி. ஒண்டையும் மறைக்காதை. நத்தார்த் தாத்தாவையும் போடு."