மேஸ்திரி பலகை பிரித்த காதை

வாழ்க மேஸ்திரி! ஈரக் கான்கிரீட்டின் மலைப்பாரத்தை மரப்பலகையாலும் இரும்பு முட்டாலும் ஏந்தி நிறுத்தும் தோளன் வாழ்க! தளம் இறுகும்வரை தாங்கும் அச்சைக் கட்டுவதும், இறுகியபின் ஒரு சில்லும் உதிராமல் அந்த அச்சைப் பிரிப்பதுமே தொழிலாகக் கொண்டு, தான் பிரித்த பலகை எதிலும் தளம் ஒட்டியதில்லை என்ற புகழை நகரத்து மாடிகள்தோறும் நாட்டிய சென்ட்ரிங் வேந்தன் வாழ்க! ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மனைவியின் பூப்போட்ட ஏப்ரனை மார்புக்கவசமாகப் பூண்டு, ஒரு பழக்கேக்கை எதிர்த்து அவன் நடத்திய போரை இனிச் சொல்வோம். பசியோடு கேட்பவர்கள் எதையாவது கொறித்துக்கொண்டே கேட்கலாம், தடையில்லை.

போருக்குக் காரணம் மண். மண் என்றால் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் பக்கவாட்டில் நகரவேண்டிய ஒரு சமையலறை. ஆறு நாள் சிமெண்டு தின்ற கை ஏழாம் நாள் மாவில் முங்கி ஆறுதல் பெறும் அந்தச் சிற்றரசை, ஞாயிறுதோறும் மேஸ்திரி எதிர்ப்பாரின்றி ஆண்டுவந்தான். அப்போதுதான் வந்தார் மாமியார்.

அவர் எளிய பகை அல்லர். ஓடும் ரயிலில் முப்பது ஆண்டு டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். கழிவறைக்குள் ஒளிந்தவனையும் கண்மூடித் தூங்குவதுபோல் நடித்தவனையும் மூச்சின் ஒலி கொண்டே பிரித்தறிந்தவர். கால்கள் தரையில் இருந்தாலும் இன்னும் ரயிலுக்குள் நடப்பவர்போல் சற்றே அகட்டி, ஆடி அசைந்து வருபவர். இரண்டு பெட்டிகளோடு வந்திறங்கி, மூன்றாம் நாளே அடுப்பைக் கைப்பற்றினார். வாளால் அல்ல. “நீங்க உக்காருங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்” என்ற ஒரே கனிந்த சொல்லால். வாளோடு வந்தவரை வாளால் தடுக்கலாம். தட்டில் சூடாக ஏதோ ஒன்றை வைத்து நீட்டிக்கொண்டு வருபவரை எதனால் தடுப்பது? நான்கு ஞாயிறுகள் மேஸ்திரி உட்கார்ந்தான். ஐந்தாவதற்கு முந்தின இரவு, சோற்றுத் தட்டின் முன் எழுந்து நின்று முழங்கினான்:

“நாளைக்குக் காலை டிபன் என்னோடது அத்தை!”

மாமியார் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

“சரி. ஒழுங்கா வந்தா இனிமே ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. வரலேன்னா நான் கிளம்பற வரைக்கும் சமையக்கட்டு பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது.”

“நீங்க எப்ப அத்தை கிளம்பறீங்க?”

“அது யாருக்குத் தெரியும்?” என்றார் மாமியார்.

பொழுது விடிந்தது. கறுத்துக் கனிந்த வாழைப்பழங்கள் கிண்ணத்தில் நசுங்கி வீழ்ந்தன. பேரீச்சம்பழங்கள் கொட்டையிழந்து குவிந்தன. அக்ரூட் பருப்புகள், கட்டுமானக் களத்தில் ஜல்லியை அளக்கும் அதே கண்ணால் அளக்கப்பட்டு, பெரியவை உடைக்கப்பட்டு, தூசி புடைக்கப்பட்டு, கலவைக்குள் இறங்கின. வாசலில் நின்ற மனைவி, மேஸ்திரியோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து அவன் தொழில்மொழியைத் தன் தாய்மொழியாக்கிக்கொண்டவள், எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஜல்லி ஜாஸ்தியா இருக்கே?”

“ஜல்லி இல்லாம தளம் எப்பிடி நிக்கும்?”

டின்னின் உட்சுவரெங்கும், பலகைக்குப் பூசுவதுபோல் தூரிகையால் எண்ணெய் பூசினான். கலவையை ஊற்றினான். காற்றுக்குமிழி ஒன்றும் உள்ளே பதுங்காதபடி டின்னை மேடையில் தட்டினான். தட்டிய தட்டலில் மேல்வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டினார். பின் ஓவனின் செந்நிற வாய்க்குள் அதைச் செலுத்தி, கதவின் முன் குந்தி, தன் முதல் தளத்தின் கீழ் விடிய விடியக் காவலிருந்த அதே இளைஞனின் நெஞ்சோடு காத்திருந்தான். ஏலமும் வெண்ணெயும் வாழையும் கலந்த மணம் கூடத்தைக் கடந்து, மாமியார் உறங்கும் அறைக்கதவின் அடியிடுக்கில் புகுந்து, அவர் குறட்டையைப் பாதியில் நிறுத்தியது.

கேக் வெளியே வந்தது. பொன்னிறம்! நடுவில் எழுந்த மேடு! வெற்றி மேஸ்திரியின் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டது என்றே சொல்லலாம். அந்த நேரம் பார்த்து, கைப்பேசியில் செய்முறையைப் படித்த மனைவி சொன்னாள்:

“பத்து நிமிஷம் ஆறினதும் கவுத்துடணுமாம்.”

மேஸ்திரி சிரித்தான். கூரைகளின் கீழ் நின்று சிரித்துப் பழகிய சிரிப்பு அது.

“பத்து நிமிஷத்துல பலகை பிரிக்கிறவன் மேஸ்திரியா? வீடு இடிஞ்சு தலையில விழும்!”

“இது வீடு இல்லீங்க. கேக்கு.”

கேட்டானா? விதி செவியை அடைத்த வீரர்கள் எக்காலத்தில் கேட்டார்கள்? தளம் போட்டபின் ஈரச்சாக்கு போர்த்தி இறுகவைப்பதே தான் கற்ற அறம் எனக்கொண்டு, ஒரு துண்டை நனைத்து, பிழிந்து, தூங்கும் மகவுக்குப் போர்த்துவதுபோல் கேக்கின்மேல் போர்த்தி, முகம் மழிக்கப் போய்விட்டான். போனவன் மீசையையும் திருத்தினான். அதற்குள் டின்னுக்குள்ளே துரோகம் நடந்தது. வெளியேற வழியற்ற ஆவி உள்ளேயே வியர்த்தது. உருகி அடியில் வடிந்த பேரீச்சம்பழச் சாறு ஆறியது, இறுகியது, பசையாயிற்று. எண்ணெய் பூசிய தகரத்தையும் அரைப்படி மாவையும் ஒன்றையொன்று பிரியாத காதலராக்கியது.

முற்றுகை தொடங்கிற்று. கவிழ்த்தான், விழவில்லை. தட்டினான், விழவில்லை. ஓரமெங்கும் கத்தியை ஓட்டினான், கத்தியில் ஒட்டிக்கொண்டது. தலைகீழாய்ப் பிடித்து உலுக்கினான். அவன் தோள் குலுங்கியது, ஏப்ரன் குலுங்கியது, மேடைமேல் தேக்கரண்டிகள் குலுங்கி ஒலித்தன, கேக் மட்டும் மலைக்குகையில் தவமிருக்கும் முனிவர்போல் அசையாதிருந்தது. எத்தனை தளம்! எத்தனை பலகை! ஒருமுறையேனும் ஒட்டவிட்டிராத அந்தக் கைகள், ஒரு கேக்கின் முன் வெட்கி வியர்த்தன. கருவிப்பையில் சுத்தியல் இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. அவன் பார்வை போன திசையை மனைவி பார்த்தாள்.

“சுத்தியலைத் தொட்டீங்க, நான் எங்கம்மா கூடவே கிளம்பிடுவேன்.”

கடைசி வீச்சு. பீங்கான் தட்டின்மேல் டின்னைக் கவிழ்த்து, இரு உள்ளங்கையாலும் ஓங்கி ஒரே அறை! மேற்பாதி கிழிந்து தொப்பென்று விழுந்தது. கீழ்ப்பாதி, அக்ரூட்டுகள் பல் இளிக்க, டின்னிலேயே தங்கிவிட்டது. அக்கணம் கூடத்தில் செருப்பொலி எழுந்தது. அகட்டி வைத்து, ஆடி அசைந்து, பெட்டி பெட்டியாய்க் கடந்து வரும் நடை.

மனைவி அவன் காதில் விரைந்து ஓதினாள்: “எல்லாத்தையும் பிச்சுக் கிண்ணத்துல போடுங்க. மேல ஆப்பிளை வெட்டித் தூவுங்க. இதான் புது மாடல்னு சொல்லிடலாம்.”

நல்ல யோசனை. மேஸ்திரியின் கை கிண்ணத்தை நோக்கி நீளவும் செய்தது. ஆனால் மாமியார் வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். பின், முப்பது ஆண்டும் இரவுப் பயணிகளின் குலை நடுங்கவைத்த அந்தக் கேள்வியின் தொனியில், “என்ன மாப்ளே இது?” என்றார்.

ஞாயிறுகள் அத்தனையும் ஒரு நூலில் தொங்கின. மேஸ்திரி நூலைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பொய் ஒன்று நாவின் நுனிவரை வந்து, வெளிச்சத்தைக் கண்டு கூசித் திரும்பிப்போயிற்று.

“ஒட்டிக்கிச்சு அத்தை. சூடா இருக்கும்போதே எடுத்திருக்கணும். சிமெண்டுன்னு நெனச்சு ஈரத்துணி போட்டுட்டேன்.”

மாமியார் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டிக்கெட் எங்கன்னு கேட்டா ஒருத்தன் காத்துல பறந்துடுச்சும்பான். ஒருத்தன் பொண்டாட்டி கிட்ட இருக்கும்பான், அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. கேட்டதும் இல்லைன்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

சொல்லிவிட்டு ஒரு கரண்டியை எடுத்தார். தட்டை விடுத்தார். டின்னின் அடியில், சாறு இறுகிக் கருமெழுகாய்ப் பளபளத்த மூலையைச் சுரண்டினார். மென்றார். கண்ணை மூடினார். மனைவியின் கரண்டி அத்திசையில் மெல்ல ஊர்ந்தபோது, முழங்கையால் டின்னுக்கு அரண் அமைத்து, “நீ தட்டுல இருக்கறதத் தின்னுடி” என்று ஆணையிட்டார். அடி வெளுக்கும்வரை அவர் ஓயவில்லை.

பின் எழுந்தது தீர்ப்பு.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு மாப்ளே. ஆனா தப்ப ஒத்துக்கிட்டாலும் அபராதம் அபராதம்தான்.”

முரசங்கள் முழங்காமலே முழங்க, மேல்வீட்டுக்காரர் மீண்டும் தட்ட, இழந்த மண்ணை மீட்டு, கேக் துகள் படிந்த மீசையும் திருநீறென நெற்றியில் பூசிய சர்க்கரையுமாய், தோற்ற களத்தில் வென்ற ஒரே வீரன் எனத் தன் அடுப்பின் முன் நிமிர்ந்து நின்ற அந்தச் சாரம்தாங்கித் தோளன், முட்டு நாட்டிய மன்னன், பலகை பிரிக்கும் பெருந்தகை, நீட்டப்பட்ட டின்னை இருகையாலும் பணிந்து ஏற்றான்.

பிறகு பாத்திரம் கழுவினான்.