ஒருவரும் அடிக்காத பந்து

தன்னம்பிக்கை குறைந்தவன் என்று என்னை இதுவரை யாரும் குற்றம் சாட்டியதில்லை. வேறு குற்றச்சாட்டுகள் உண்டு. அவற்றில் பெரியது, என் தங்கையின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் இடது கண்ணை நான் மூடவைத்தேன் என்பது. அது உண்மைதான். ஆனால் புள்ளிவிவரங்களின் முழு ஆதரவோடுதான் அதைச் செய்தேன் என்பதை ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில், எந்த வயதுக்காரர் எந்தக் காரை எதில் கொண்டுபோய் மோதுவார் என்று கணிக்கும் வேலை. அந்த வேலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்றால், வீட்டில் உப்புக் கூடிப்போனாலும் அதற்கு ஒரு வரைபடம் போடச் செய்யும். (அம்மா ஒருமுறை அந்த வரைபடத்தில் வெங்காயம் உரித்தார்.)

தங்கை தர்ஷினி மருந்தகம் ஒன்றில் வேலை செய்தாள். அவளுக்குப் பார்த்திருந்த மயூரன் டொரொன்டோவில் வளர்ந்தவர். கலியாணம் முடிந்ததும் லண்டனிலேயே தங்கிவிடுவதாக ஏற்பாடு. கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் லண்டன் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். இடியப்பத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் மயூரன் பேஸ்போல் பற்றிப் பேசத் தொடங்கினார். பள்ளிக்கூட அணியில் விளையாடினாராம். லண்டன்காரருக்குக் கிரிக்கெட்டை விட்டால் வேறொன்றும் தெரியாது என்று சிரித்தபடி சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதைக் குடும்ப மானத்தின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டேன். பாயசக் கிண்ணம் காலியாவதற்குள், டொரொன்டோப் பக்கத்துக்கும் லண்டன் பக்கத்துக்கும் வியாழக்கிழமை போட்டி என்று முடிவாகிவிட்டது. எங்கள் அணியின் தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

மூன்று மாலைகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பயிற்சி. மயூரன் பெரிய மனதோடு இரண்டு கையுறைகளையும் நான்கு பந்துகளையும் ஒரு மட்டையையும் எங்களுக்கு இரவல் தந்திருந்தார். (தலைக்கவசத்துக்குச் சூட்கேசில் இடமில்லையாம். கூறைச்சேலை இருந்ததாம்.) பந்தெறிய மூன்று பேர் முன்வந்தோம். ஒருவர் என் அக்காவின் கணவர் பாலா அத்தான். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த பிளம்பர், அதிகம் பேசாதவர். இரண்டாவது ஆள், தர்ஷினி. மூன்றாவது நான்.

ஒவ்வொரு பந்தையும் கொப்பியில் குறித்தேன். ஒருவர் எத்தனை பந்து எறிந்தார், அதில் எத்தனை மட்டையில் பட்டது. புதன்கிழமை பயிற்சி முடிந்து வந்ததும், அம்மா பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தை நிறுத்தி, மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்தேன். அத்தான் எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் அடிபட்டிருந்தன. தர்ஷினிக்கு மூன்றில் ஒரு பங்கு. நான் எறிந்த அறுபது பந்துகளில் மட்டையில் பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும், அடிக்க நின்றவர் பயந்து மட்டையைக் குறுக்கே பிடித்ததால் பட்டது.

நான் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டு, அந்த எண்களை அவர்கள் மனதில் பதியவிட்டேன்.

"அண்ணா, உன்ர பந்து ஆளுக்குக் கிட்டவே வாறேல்லை" என்றாள் தர்ஷினி. "எட்டாத பந்தை எப்பிடி அடிக்கிறது?"

அடிக்க முடியாத பந்துதான் நல்ல பந்து, விளையாட்டின் தத்துவமே அதுதான் என்று விளக்கினேன். கண்ணால் பார்த்து முடிவெடுப்பது பழைய காலத்து முறை, அமெரிக்காவில் பெரிய அணிகளே இப்போது எண்களை வைத்துத்தான் ஆட்களைத் தெரிவு செய்கின்றன என்று, அதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வாசித்தவனுக்குரிய முழு அதிகாரத்தோடு சொன்னேன். எண்களை மட்டும் பார்த்தால் ஆளைத் தவறவிடுவாய் என்றாள் அவள். ஆளை மட்டும் பார்த்தால் போட்டியைத் தவறவிடுவாய் என்றேன் நான். அரை மணி நேரம் இப்படியே போனது. அம்மா தொலைக்காட்சியை எப்போது தருவாய் என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் அத்தான் தொண்டையைச் செருமினார். அவர் இலங்கையில் பள்ளிக்கூடக் காலத்தில் எல்லே என்ற ஊர் விளையாட்டு விளையாடியவர். அதுவும் மட்டையும் பந்தும்தான். ஆனால் அதில் பந்து போடுகிறவர் அடிப்பவரின் சொந்தக் கட்சிக்காரர். அவருக்கு வாகாகப் போட்டுக்கொடுப்பதுதான் வேலை.

"அடிக்கத்தானே தம்பி போட்டனான்" என்றார். "பழகிற ஆக்களுக்கு நாலு அடி விழுந்தால்தானே கை வரும்."

நினைத்த மாதிரி, நினைத்த இடத்தில், மூன்று நாளாகப் பந்தைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் முன்னால் உட்கார்ந்து அதை வாய்விட்டே சொன்னார். நான் அவரைப் பார்த்து, தோல்விக்குக் காரணம் சொல்கிறவர்களிடம் காட்டும் கனிவோடு தலையாட்டினேன். அணிப் பட்டியலில் அவரை மைதானத்தின் மூலையில், பந்து ஒருபோதும் போகாத இடத்தில் போட்டேன். தர்ஷினி மணமகள் என்பதால் அவளுக்கும் எறியும் வேலை இல்லை. பந்தெறிய நான்.

வியாழக்கிழமை நல்ல வெயில். இரண்டு பக்கத்து உறவினரும் பூங்காவில் பாய் விரித்து, றோல்சும் வடையும் குளிர்பெட்டிகளுமாக உட்கார்ந்துவிட்டார்கள். மயூரனின் பெரியப்பா நடுவர். முதலில் டொரொன்டோ அடிக்க வந்தது.

என் முதல் பந்து அடிக்க நின்றவரின் தலைக்கு மேலால் போய், றோல்ஸ் இருந்த பெட்டியில் விழுந்தது. இரண்டாவது நிலத்தில் குத்தி, உருண்டு, ஒரு நாயிடம் போய்ச் சேர்ந்தது. நான்காவது பந்துக்குப் பிறகு பெரியப்பா கையைக் காட்ட, அந்த ஆள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் தளத்துக்கு நடந்துபோனார். பேஸ்போலில் அப்படி ஒரு விதி இருக்கிறது. அடிக்கக்கூடிய இடத்துக்குள் வராத பந்து நான்கு சேர்ந்தால், மட்டையாளர் இலவசமாக ஒரு தளம் நடக்கலாம். மூன்று தளங்களையும் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். விதி எனக்குத் தெரியும். அது என்னைக் குறித்து எழுதப்பட்டது என்றுதான் தெரியாது.

இரண்டாவது ஆளும் நடந்தார். மூன்றாவது ஆளும் நடந்தார். மூன்று தளங்களும் நிறைந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒருவர் புதிதாக நடக்க, எல்லோரும் ஒரு தளம் முன்னேறி, முன்னால் நின்றவர் உள்ளே வந்து ஒரு ரன் எடுத்தார். அடுத்தவர் நடக்க இன்னொரு ரன். கோயில் வீதியில் சுவாமி சுற்றுவதுபோல, அவசரமில்லாமல், ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வடை சாப்பிட்டுக்கொண்டே சுற்றினார்.

தர்ஷினி மைதானத்துக்குள் வந்தாள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதுவரை ஒருவரும் என் பந்தை அடிக்கவில்லை, கவனித்தாயா என்று கேட்டேன். (அதை நான் பகிடிக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.)

"ஐஞ்சு ரன் குடுத்திட்டாய் அண்ணா."

"அது நடந்து எடுத்தது. அடிச்சு எடுக்கேல்லை."

அவள் திரும்பிப் போனாள். அவள் போன பிறகு, மூலையிலிருந்து அத்தான் மெதுவாக நடந்து வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "தம்பி, ஒருக்கா பந்தை இஞ்ச தாரும்" என்றார்.

இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுடுகிறது. அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பந்தைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொன்னேன்: "அத்தான், குறை நினைக்காதையுங்கோ. உங்கட நம்பர் சரியில்லை."

அவர் குறை நினைத்ததாகத் தெரியவில்லை. "சரி" என்றுவிட்டு மூலைக்குத் திரும்பிப் போனார்.

ஒன்பதாவதாக அடிக்க வந்தவர் மயூரன். மரியாதைக்காகத் தன்னைக் கடைசியில் வைத்திருந்தார். இவருக்கு ஒரு நல்ல பந்து எறிய வேண்டும் என்று நினைத்தேன். முன்பெல்லாம் வேகத்துக்காக எறிந்தேன். இந்த முறை குறி பார்த்து எறிந்தேன். என் வாழ்க்கையில் நான் எறிந்த பந்துகளிலேயே ஒரு ஆளை நோக்கி நேராகப் போனது அது ஒன்றுதான்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நான் விரும்பவில்லை. மயூரன் யாரோ கதிரை கொடுத்ததுபோல மெதுவாக உட்கார்ந்தார். பாய்களில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். தர்ஷினி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கலியாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மண்டபம், ஐயர், நானூறு அழைப்பிதழ், அம்மாவின் முகம் என்று வரிசையாக ஓடியது.

மயூரன் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தார். நடுவரைப் பார்த்து, "பெரியப்பா, அடி பட்டால் முதல் தளம் எனக்குத்தானே?" என்று கேட்டார். பெரியப்பா யோசித்துவிட்டு, ஓம் என்றார். மயூரன் தள்ளாடியபடி முதல் தளத்துக்கு நடந்துபோய் நின்றார். தளங்கள் நிறைந்திருந்ததால் முன்னால் நின்றவர் உள்ளே வந்தார். ஆறாவது ரன்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நானும் தர்ஷினியும். காத்திருந்த நேரம் நான்கு மணித்தியாலம். தர்ஷினி அவர் கண்ணில் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு, என்னை அங்கே போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றாகவே நடத்தினாள். இடையில் அக்கா அழைத்து, என்னிடமிருந்து பந்தை அத்தான் எடுத்த பிறகு டொரொன்டோ ஒரு ரன்னும் எடுக்கவில்லை என்றும், நாங்கள் ஆறுக்கு ஐந்து என்று தோற்றோம் என்றும் சொன்னாள். அவர்கள் எடுத்த ஆறும் என்னுடையவை.

பொழுதுபோகாமல் மயூரன் என் கொப்பியைக் கேட்டார். ஒற்றைக் கண்ணால் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "மச்சான், இதில எறிஞ்சது இருக்கு, அடிபட்டது இருக்கு" என்றார். "வெளியால போனது எங்க இருக்கு?"

நான் வாங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு நிரலே இல்லை. என் அறுபது பந்துகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவை எங்கே போயின என்று நான் குறித்திருக்கவில்லை. கார்கள் மோதுவதைக் கணிக்க எனக்குச் சம்பளம் தந்தவர்கள் பக்கத்தில் இல்லாதது நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அந்த மனிதருக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது; எனக்கு இரண்டும் திறந்துதான் இருந்தன.

எலும்பு உடையவில்லை, பார்வைக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். நிறம் மட்டும் மூன்றாம் நாளில்தான் முழுமை பெறும் என்று தாதி ஆறுதலாகச் சொன்னார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலியாணம் முடியுமட்டும் நீ ஒண்டையும் எறியக்கூடாது" என்றார். "அட்சதையும் எறியாதை."

தாதி சொன்னபடியே நடந்தது. வெம்பிளியில் மண்டபம். மணமகளுக்கு என்று பேசிய ஒப்பனைக்காரர் காலையில் பெரும்பகுதி நேரத்தை மணமகனோடு செலவழித்தார்; கத்தரிக்காய் நிறம் சாம்பல் நிறமாக மாறியதோடு அவர் கையை விரித்துவிட்டார். தலைப்பாகையை இடது புருவத்துக்கு மேல் சரித்து வைத்தார்கள். அதனால் மாப்பிள்ளைக்கு ஒரு கடற்கொள்ளைக்காரரின் களை வந்தது.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவர வேண்டியவன் நான். நானூறு பேர் பார்த்திருக்க, வெள்ளித் தட்டில் அவர் பாதங்களை வைத்துக் கழுவினேன். அவ்வளவு பக்தியோடு யாரும் காலைக் கழுவி எங்கள் குடும்பத்தில் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். வழக்கப்படி அவர் என் விரலில் மோதிரத்தைப் போட்டார். போடும்போது குனிந்து, "இந்தக் கையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். விரலை ஒரு தரம் நன்றாக நசுக்கிவிட்டு, சிரித்தார். கலியாணம் நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

அன்று முழுக்க அவருக்குப் பக்கத்தில் நானும் தலைப்பாகையோடு நின்றேன். வாழ்த்த வந்த ஒவ்வொருவரும் கண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். "மச்சான்ர பந்தை ஒருத்தரும் அடிக்கேல்லை. பந்துதான் எங்களை அடிச்சது" என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார் மயூரன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அந்த வசனம் மண்டபம் முழுவதும் பரவிவிட்டது.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அவர் எங்கள் குளியலறைக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். கேட்டதும், "அந்த ஸ்பானரை எடும்" என்றார். எடுத்து நீட்டினேன். "எறியாமல் தந்ததே பெரிய காரியம்" என்றார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம். எண்களில் எனக்கு இன்றும் அதே நம்பிக்கைதான். நிரல்களை மட்டும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கிறேன். தர்ஷினியின் மகளுக்கு ஏழு வயது. அவள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் போன மாதம், ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்துத் திருமண வழக்கத்தைச் சொல்ல வேண்டும் என்றார்களாம். அவள் கலியாண ஆல்பத்தைக் கொண்டுபோய், தமிழ்க் கலியாணத்தில் முதலில் பெண்ணின் அண்ணா மாப்பிள்ளையின் கண்ணில் அடிப்பார், பிறகு காலைக் கழுவி மன்னிப்புக் கேட்பார், மாப்பிள்ளை மன்னித்தால் மோதிரம் போடுவார், அதற்குப் பிறகுதான் தாலி என்று படங்களைக் காட்டி விளக்கியிருக்கிறாள். ஆசிரியைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இது உண்மையிலேயே உங்கள் மரபா என்று தர்ஷினியிடம் மிகுந்த மரியாதையோடு விசாரித்திருக்கிறார்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம், எங்கட குடும்பத்தில அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். "பள்ளிக்கூடக் கலாசார விழாவில ஒருக்கா செய்து காட்ட ஏலுமோ எண்டு உன்னைக் கேக்கச் சொன்னவை."