வெயில் போன பிறகும் சுற்றிய ஃபேன்

எங்கள் தீவின் ஷாதிபூரில் அந்த வாரம் மீன் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. கப்பல் டிக்கெட் கிடைக்காததைப் பற்றிக்கூடப் பேசவில்லை. எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான்: கதிரொளிச் சித்தர்.

கல்யாண மண்டபத்து வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். மஞ்சள் வேட்டியில் சித்தர் நிற்கிறார். தலைக்குப் பின்னால் சூரியன். கீழே 'சூரியனோடு நேரில் பேசியவர்' என்று போட்டிருந்தது. எந்த மொழியில் பேசினார், சூரியன் என்ன பதில் சொன்னது என்பதையெல்லாம் எழுத பேனரில் இடம் போதவில்லை போலும். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர். சூரியனோடு அத்தனை பழக்கமுள்ளவர் எதற்கு டிக்கெட் எடுத்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குற்றம் ஆகிவிடுமாம்.

ஊரே வீட்டுக்கு சோலார் போடலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சரியான சமயம் பார்த்துத்தான் சித்தர் வந்திருந்தார்.

அவருடைய சரக்கு ஒரே ஒரு பலகை. பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு ஒரு சோலார் பலகை. "கம்பெனிக்காரன் உன் கூரை முழுக்க பலகை அடுக்கச் சொல்வான். ஏன் தெரியுமா? அவன் பலகைக்கு மந்திரம் தெரியாது. நான் மந்திரம் ஏற்றிய ஒற்றைப் பலகை போதும். வீடே ஓடும். விலையும் பத்தில் ஒரு பங்கு" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினார். மண்டபத்து முற்றத்தில் மஞ்சள் பட்டு போர்த்திய பீடம். அதன் மேல் அந்தச் சின்னப் பலகை. பலகையிலிருந்து ஒரு ஒயர் பட்டுக்குள் போகும். பட்டுக்குள்ளிருந்து இன்னொரு ஒயர் வெளியே வந்து ஒரு பெரிய ஃபேனுக்கும் ஐந்து பல்புக்கும் போகும். காலை வெயிலில் சித்தர் கண்ணை மூடிக் கையைத் தூக்குவார். சீடன் கணபதி சங்கு ஊதுவான். ஃபேன் சுற்றும், பல்பு எரியும். லம்பா லைனிலிருந்தும் சௌல்தாரியிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள். பட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் சொக்கலிங்கம் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மண்டபத்துக்கு டியூப்லைட் வாங்கித் தந்தாலும் 'உபயம்: சொக்கலிங்கம்' என்று எழுதாமல் விடமாட்டார். வெளிச்சத்தில் பாதியை அவர் பெயரே மறைத்துக்கொண்டிருக்கும். சித்தரின் முதல் பக்தரும் அவர்தான். மண்டபத்தின் பின்னறையை ஒழித்து சித்தரைத் தங்கவைத்தார்.

பாவம், சித்தர் காலடி வைத்த அன்றே மண்டபத்து இன்வெர்ட்டர் வேலை செய்யாமல் போனது. மின்வெட்டு வந்தால் மண்டபம் கும்மிருட்டு. அண்ணாச்சி ஓடிப்போய் சித்தரிடம் முறையிட்டார்.

"சாமி, இன்வெர்ட்டர் நீங்க தங்கியிருக்க ரூம்லதான் இருக்கு. என்னன்னு ஒரு எட்டு பார்த்துரட்டுமா?"

"பார்க்காதே! மண்டபத்துக்கு சனி பார்வை. நீ அந்த அறைக்குள் நுழைந்தால் அது உன் கடைக்குத் தாவிவிடும். பரிகாரம் செய்கிறேன்."

பரிகாரம் நடந்தது. பூசணிக்காய் உடைந்தது. அண்ணாச்சியின் பை மெலிந்தது. இன்வெர்ட்டர் மட்டும் திரும்ப ஓடவில்லை. தோஷம் அவ்வளவு கடுமை என்று அண்ணாச்சி ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

இனி இந்திராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தெருவில் மாவுக்கடை வைத்திருப்பவள். இரண்டு கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் நிற்கும், மாவு பொங்கிப் புளித்து வாளியை விட்டு வெளியே வரும். அவளிடம் மாவு வாங்கும் ஹோட்டல்காரர், இன்னொரு தடவை புளித்த மாவு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு ஹோட்டல் போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, கூரையை அளக்க சோலார்காரன் தேவேந்திரனை வரவழைத்தாள்.

அவள் கணவர் முத்துகிருஷ்ணன் அரசு அலுவலகத்தில் கிளார்க். கேள்வி கேட்பதில் சூரர். தேவேந்திரனை நிற்கவைத்துக் கேட்டார்.

"உப்புக்காத்துல துரு பிடிக்குமா?"

"போல்ட்டெல்லாம் நல்லதாப் போடலைன்னா பிடிக்கும் சார். நான் ஸ்டெயின்லெஸ் போடறேன்."

"புயல்ல பறந்துட்டா?"

"தகரத்துக்கு அடியில மரம் இத்துப்போயிருக்கு. மொதல்ல அதை மாத்தணும். அப்புறம் பறக்காது."

"மானியம்?"

"மொத்தத்தையும் மொதல்ல நீங்க கட்டணும். அப்புறம்தான் பேங்க்ல வரும்."

"போட்ட காசு எப்பத் திரும்பும்?"

"அஞ்சாறு வருஷம் ஆகும் சார். மழைக்காலத்துல கரண்ட் கம்மியாத்தான் வரும்."

இந்திராணி ஒன்றே ஒன்று கேட்டாள். "பவர்கட்டுல ஃப்ரிட்ஜ் ஓடுமா தம்பி?"

"பேட்டரி சேர்த்துப் போட்டா ஓடும்க்கா. பேட்டரி இல்லாட்டி வெயில் போச்சுன்னா கரண்டும் போச்சு. பேட்டரிக்குத் தனிக் காசு. பொய் சொல்லி வியாபாரம் பண்ண மாட்டேன்."

இங்கேதான் தேவேந்திரன் கோட்டைவிட்டான். கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதைச் சொன்னான். உள்ளதைச் சொல்பவனை நம்ம ஆட்கள் நம்பிவிடுவார்களா? முத்துகிருஷ்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அஞ்சாறு வருஷமாம்! இவன் எதையோ மறைக்கிறான்" என்றார். அன்றைக்கே சித்தரிடம் போனார். துருவைப் பற்றிக் கேட்கவில்லை. புயலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாமி, பணத்தை எப்பக் கொண்டு வரட்டும்?"

சித்தர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை சூரியனுக்கு உகந்த நாள். மாலை அஸ்தமனத்துக்கு முன் பொன்வேளை. ஐந்தேகாலிலிருந்து ஐந்து நாற்பது வரை. அந்த நேரத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு இரட்டை மந்திரம்.

நம் தீவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுச் சுவரிலும் தொங்குவது மெயின்லேண்ட் காலண்டர். ராகுகாலம், எமகண்டம், உதயம், அஸ்தமனம் எல்லாம் அங்கே உள்ள சூரியனுக்குப் போட்ட கணக்கு. இங்கே சூரியன் முந்தி எழுந்து முந்திப் படுத்துக்கொள்ளும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பரம்பரையாகக் கண்ணால் பார்க்கிறோம். ஆனாலும் நல்ல நேரத்தைக் காலண்டரில்தான் பார்க்கிறோம். வானம் தப்பாக இருக்கலாம், அச்சடித்தது தப்பாக இருக்குமா?

வீட்டில் சண்டை நடந்தது.

"ஏங்க, ஒரு பலகையில வீடே ஓடும்னா கம்பெனி வச்சிருக்கவனெல்லாம் கிறுக்கனா?"

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் மாவு புளிக்குது."

"ஃப்ரிட்ஜ் ஓடலைங்க, அதான் புளிக்குது! அந்தப் பணத்துல கை வச்சீங்கன்னா என் கடையை மூடிட்டு உங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவேன், பார்த்துக்கங்க."

அந்த டிசம்பர் ஞாயிறு மாலை முத்துகிருஷ்ணன் பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். கடையைச் சாத்திவிட்டு இந்திராணியும் பின்னாலேயே வந்தாள்.

முற்றத்தில் நிற்க இடமில்லை. முதலில் பஜனை. பிறகு அண்ணாச்சியின் வரவேற்புரை. அதில் பாதி அவருடைய உபயங்களின் பட்டியல். அது முடியவே ஐந்தேகால் ஆகிவிட்டது. சூரியன் யாருடைய உரைக்கும் காத்திருக்கவில்லை, மலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தெருவிளக்கு எரிந்தது. கொசு வந்தது. சித்தர் கண்ணை மூடிக் கையைத் தூக்கினார். சங்கு முழங்கியது. ஃபேன் ஜோராகச் சுற்றியது, ஐந்து பல்பும் பளிச்சென்று எரிந்தன. முத்துகிருஷ்ணன் பணத்தைக் கையில் எடுத்து வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

மீன்கூடையோடு அந்தப் பக்கம் போன பெங்காலிக்காரர் ஒருவர் வேடிக்கை பார்க்க நின்றார். இவருக்குத் தமிழும் தெரியாது, சித்தரின் மகிமையும் தெரியாது. வானத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"அரே தாதா, சூரஜ் தோ டூப் கயா! யே கைசே சல் ரஹா ஹை?"

சூரியன் முழுகிவிட்டதே, இது எப்படி ஓடுகிறது? அவ்வளவுதான் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இந்திராணியைத் தவிர. பேட்டரி இல்லாவிட்டால் வெயிலோடு கரண்டும் போய்விடும் என்று தேவேந்திரன் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சாமி, ஒரு சந்தேகம். இந்த ஃபேன் எதுல ஓடுது?"

"சூரிய பகவானின் அருளில், தாயே."

"அவரு எங்க சாமி?"

சித்தர் கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார். ஒரு நட்சத்திரம் தெரிந்தது. சட்டென்று பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தாயே."

"அது புஸ்தகத்துல இருக்கு சாமி. வானத்துல இல்லியே."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தர் லேசுப்பட்டவரா? ஒரு நொடியில் சமாளித்தார். "பேதைப் பெண்ணே! பகலில் குடித்த வெயிலை என் பலகை இரவில் கொடுக்கும். அதுதான் மந்திரம்!"

"ஆஹா!" என்றது கூட்டம். சிரித்த இருவரும் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முத்துகிருஷ்ணன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

இந்திராணி விடவில்லை. "அப்ப வெயிலெல்லாம் பலகைக்குள்ளதான் இருக்கா சாமி?"

"பலகைக்குள்தான்."

"பீடத்துல ஒண்ணும் இல்லியே?"

"பீடம் வெறும் மரம்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் எட்டிப் பலகையைப் பிடித்து ஒயரோடு ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒயர் பட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தது. அப்படியே கொண்டுபோய்க் கணவர் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, பிடிங்க. வெயிலெல்லாம் உங்க கையில இருக்கு. அங்க எது ஓடுதுன்னு நீங்களே பாருங்க."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து பல்பும் எரிந்துகொண்டிருந்தன. முத்துகிருஷ்ணன் ஒரு கையில் பலகையும் மறுகையில் பணமுமாக நின்றார். பலகையின் ஒயர் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குக் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை.

கணபதி பீடத்தின் மேல் பாய்ந்து படுத்தான். "தொடாதீங்க! தோஷம்! தோஷம்!"

"தள்ளுல!" என்று அவனை ஒதுக்கிவிட்டு அண்ணாச்சியே பட்டை உருவினார். உள்ளே கறுப்பாக ஒரு பெரிய பேட்டரி. பக்கத்தில் ஓர் இன்வெர்ட்டர். இரண்டின் மேலும் வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் 'உபயம்: சொக்கலிங்கம்'.

அண்ணாச்சி தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கத்தினார்.

"அட படுபாவி! என் பேட்டரியைத் தூக்கி ஒளிச்சு வச்சிட்டு, அது ஓடலைன்னு எங்கிட்டயே பரிகாரத்துக்குத் துட்டு வாங்கினியால!"

விமானத்தில் பேட்டரி கொண்டுவர முடியாதல்லவா? சூரியனிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கலாம். சித்தருக்கு இரவலே சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

"சூரியன் என்னைச் சோதிக்கிறான்" என்று சித்தர் எழுந்து நடந்தார். பிறகு ஓடினார். தீவில் எங்கே ஓடுவது? எல்லாத் தெருவும் கடலில்தான் முடியும். மறுநாள் விமானம் வரும் வரை காத்திருக்கும் சிரமத்தைப் போலீசார் அவருக்கு வைக்கவில்லை, அன்றைக்கே அழைத்துப்போய்த் தங்கவைத்தார்கள். ஏற்கெனவே கட்டியவர்களின் பணம் பின்னறைத் தலையணைக்குள் இருந்தது.

முத்துகிருஷ்ணன் பணத்தை இந்திராணி கையில் வைத்தார். "நாளைக்கு தேவேந்திரனை வரச் சொல்லு" என்றார் மெதுவாக. "பேட்டரியும் சேர்த்தே போட்டுரலாம். ஆனா அந்தத் துரு விஷயம் மட்டும் அவன்கிட்ட இன்னொரு தடவை கேக்கணும்."

"தாராளமாக் கேளுங்க" என்றாள் அவள். "சாமியாருங்ககிட்டயும் இதே மாதிரி கேளுங்க."

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். அண்ணாச்சி அந்தப் பேட்டரியைத் துடைத்து, பொட்டு வைத்து, மேலே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். திருட்டுக் கண் பட்டுவிட்டதாம்.

மக்களே, கூரைக்கு சோலார் போடுவதற்குக் கணக்குப் பாருங்கள், நல்லது. செலவாகும், மானியம் தாமதமாகும், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் மண்டைக்குள் ஒரு விளக்கு பிறக்கும்போதே மாட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பில் வராது, மழைக்காலத்திலும் எரியும். ஸ்விட்சை மட்டும் சாமியார் கையில் கொடுக்காமல் நீங்களே போடுங்கள்.