ரெட்டைக்கோட்டு டாக்டரின் பத்து நாள் விடுப்பு

இரண்டு வருடம் முழுக்க விடுப்பில் இருந்துகொண்டே ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் வேலை பார்த்த மனிதர் யாங்கூனில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ரெட்டைக்கோட்டு டாக்டர். இந்தச் சாதனையில் பாதி அவருடையது. மறுபாதி, வெட்கத்தோடு சொல்கிறேன், என்னுடையது.

நான் யாங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். கணினி வந்த பிறகும் முதலில் நோட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் கணினியில் ஏற்றுவேன். மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். என் நோட்டு எங்கும் போகாது. அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது என்பது என் பெருமை. என் மனைவிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எங்கள் மருத்துவமனையில் புதிதாக ஒரு பயிற்சி தொடங்கினார்கள். ஒரே டாக்டர் பெரியவர்கள் வைத்தியமும் குழந்தை வைத்தியமும் சேர்த்து நாலு வருடம் படிக்க வேண்டும். மூன்று மாதம் மூன்றாம் மாடியில் பெரியவர்கள் வார்டு, அடுத்த மூன்று மாதம் முதல் மாடியில் குழந்தைகள் வார்டு. இப்படி மாறி மாறி. விளம்பரம் கொடுத்தோம். சேர்ந்தது ஒரே ஒருவர். இன்சீன்காரர், நம் தமிழ்ப் பிள்ளை, ஒல்லியான உடம்பு.

பெரியவர்கள் வார்டில் அவருக்கு வெறும் வெள்ளைக் கோட்டு. குழந்தைகள் வார்டில் கொடுத்த கோட்டில், பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று பையின் மேல் ஒரு மஞ்சள் வாத்து தைத்திருந்தார்கள். எந்த மாடியிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்திருப்பார். மழைக்காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொள்வார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

இந்தப் பயிற்சிக்கு என்னென்ன வசதிகள் என்ற பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். தங்க அறை, மத்தியானச் சாப்பாடு, படிக்கப் புத்தகம், வருடத்துக்கு ஒரு மாத விடுப்பு. படிக்கும்போது எனக்கே டாக்டராகிவிடலாமா என்று ஆசை வந்தது. இதையெல்லாம் எந்த வார்டு கொடுக்கும் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

அதனால் அறையை இரண்டு வார்டும் கொடுத்தன. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலி செய்யச் சொன்னார்கள். விடுதியில் பெரியவர்கள் வார்டு டாக்டர்களுக்குக் கிழக்குப் பக்கம், குழந்தைகள் வார்டுக்கு மேற்குப் பக்கம். காலாண்டு முடிந்தால் மனிதர் கொசுவலை, புத்தக மூட்டை, சோறு வடிக்கும் மின்பானை, ஒரு மிளகாய்ச் செடித் தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடைக்கூடத்தில் குடிபெயர்வார். செடி மட்டும் மேற்குப் பக்கம்தான் காய்த்தது.

சாப்பாடும் இரண்டு வார்டிலிருந்தும் வந்தது. மேலேயிருந்து காரசாரமான மீன் குழம்பு, கீழேயிருந்து கஞ்சியும் வாழைப்பழமும்.

"ஒண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாதா, டாக்டர் தம்பி?" என்றேன்.

"எதைண்ணே அனுப்ப? மேல அனுப்பினா மேல கோவம், கீழ அனுப்பினா கீழ கோவம். ரெண்டையும் தின்னுட்டா யாருக்கும் வருத்தமில்ல" என்றார். இரண்டையும் தின்றும் அந்த உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை என்பது தனி அதிசயம்.

வேடிக்கை என்னவென்றால், மாடி மாறினாலும் அவருக்கு வாய் மாறச் சில நாள் பிடிக்கும். குழந்தைகள் வார்டிலிருந்து மேலே போன முதல் வாரம், ஆறடி உயரத் துறைமுக மேஸ்திரி ஒருவருக்கு ஊசி போட்டிருக்கிறார். "அழக் கூடாது, சரியா? அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. சமத்து!" என்று சொல்லி, புறங்கையில் ஒரு தங்க நட்சத்திரமும் ஒட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் மேஸ்திரி மீசையோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"குளிச்சேன், நட்சத்திரம் விழுந்திருச்சு. வேற ஒண்ணு கிடைக்குமா?" என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி.

கீழே வந்தால் நேர்மாறு. எதையும் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த ஆறு வயதுப் பையனைக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார வைத்து, பெரிய மனிதரிடம் கேட்பது போல, "தொழில் எப்படிப் போகுது? மனசுல ஏதும் கவலை உண்டா?" என்று கேட்டார். தாதிகள் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. அவன் அப்பா வேலை தேடித் தாய்லாந்து போனதையும், அவர் போன அன்றைக்குத் தான் பள்ளிக்கூடத்தில் இருந்ததையும் கால் மணி நேரம் சொன்னான். அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். பேசி முடித்ததும் கஞ்சி கேட்டான். அதுவரை அவனிடம் யாரும் கவலையைப் பற்றி விசாரித்ததில்லை.

இவருக்கு ஒரு பெண் பார்த்தால் என்ன என்று என் மனைவிக்குத் தோன்றியது. அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா மகள் சாந்தி யாங்கூனுக்கு வெளியே மாவ்பியில் இருந்தாள். அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அரை நாள் கிடைத்த இடைவெளியில், டாக்டரை இழுத்துக்கொண்டு போனோம். பெண் தேநீரும், லபெ என்னும் ஊறவைத்த தேயிலைத் தட்டும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டருக்கு வியர்த்தது. ஏதாவது பேசுங்கள் என்று நான் முழங்கையால் இடித்தேன். அன்று அவர் குழந்தைகள் வார்டிலிருந்து வாத்துக் கோட்டோடே வந்திருந்தார். அங்கே மருந்தெல்லாம் எடையைப் பார்த்துத்தான். எடையைக் கேட்காமல் வாயே திறக்க மாட்டார்கள்.

"எத்தனை கிலோ?" என்று கேட்டார் பெண்ணிடம்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க கோழிக்குத்தான் தம்பி இப்படிக் கேப்போம்" என்றார்.

சாந்தி மட்டும் அசரவில்லை. பண்ணைக் கோழிகளுக்கு மருந்து கொடுப்பது அவள்தான். அவளுக்கும் எடை பார்க்காமல் மருந்து எடுத்துப் பழக்கமில்லை.

"அம்பத்திநாலு. காலையில வெறும் வயித்துல எடுத்தது" என்றாள். "உங்களுக்கு?"

"அம்பத்தியொம்பது."

"இந்த உசரத்துக்குப் பத்தாது" என்று சொல்லி லபெ தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாணம் அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. மற்றவர்கள் பேசியதெல்லாம் ஒப்புக்கு.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தார்கள். அதைத் தவறவிட்டால் ஆவணி வரை பொறுக்க வேண்டும். பெண்ணின் அப்பா பொறுக்கிற ரகமில்லை. நலங்குக்கு நாலு நாள் முன்னால் மாப்பிள்ளை வந்து நிற்க வேண்டும், லீவு உறுதியானால்தான் பத்திரிகை அடிப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டர் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மேல் வார்டிலிருந்து கீழ் வார்டுக்கு மாறுகிற சமயம் அது. கடைசி ஐந்து நாள் மேலே, முதல் ஐந்து நாள் கீழே.

"பாத்தீங்களாண்ணே, ஜோசியரே சரிபாதி பங்கு பிரிச்சுட்டாரு" என்று சந்தோஷப்பட்டார்.

நான் கணினியில் ஏற்றினேன். விடுப்பு பாக்கியில்லை என்றது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதையே சொன்னது. நோட்டை எடுத்தேன். நோட்டும் அதையே சொன்னது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வார்டுக்கும் என்னிடம் தனித்தனி நோட்டு. டாக்டர் மேலே இருக்கும்போது கீழ் வார்டு நோட்டில் அவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும். என் நோட்டில் காலிக் கட்டம் இருக்கலாமா? "விடுப்பு" என்று அழகாக எழுதினேன். அவர் கீழே இருக்கும்போது மேல் வார்டு நோட்டிலும் அப்படியே. இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு வருடத்தில் அவர் விடுப்பில் இல்லாத நாள் என்று ஒன்றுகூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருட அனுபவசாலிக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "இவர் நமக்குத்தான் நாள் தரணும்" என்றார். வார்டுத் தலைவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால் யோசிக்கலாம் என்று அனுப்பினார். இங்கே டாக்டர்களை சயா என்போம், பெண் டாக்டரானால் சயாமா. மேல் வார்டுக்கு ஒரு சயா, கீழ் வார்டுக்கு ஒரு சயாமா. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் இந்த டாக்டரேதான். பயிற்சி முடிந்ததும் அவரைத் தன் வார்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அவர்கள் பர்மியத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கல்யாணமா! தாராளமாப் போகட்டும். கீழ இருக்கும்போது போகட்டும்" என்றார் சயா.

"ரொம்ப சந்தோஷம். மேல இருக்கும்போது பத்து நாளும் எடுத்துக்கட்டும்" என்றார் சயாமா.

மாவ்பியிலிருந்து தினமும் போன் வந்தது. "லீவு வாங்கத் தெரியாதவரு பொண்டாட்டியை எப்படிக் காப்பாத்துவாரு?" என்று பெண்ணின் அப்பா என் மனைவியிடம் கேட்டாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் பேச்சை விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பா இரண்டும் திறக்காமல் இருந்தன.

"என்ன தம்பி, சாப்பிடலையா?"

"பசிக்கலண்ணே." நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எழுத்து எவ்வளவு அழகா இருக்கு, அச்சடிச்ச மாதிரி. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. யார் மேலயும் தப்பில்ல. சாந்தி காத்திருப்பா. அவங்க அப்பாதான்..." மேலே கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையெழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். இரண்டு நோட்டிலும் அவர் பெயர் இருந்த பக்கங்களில் "விடுப்பு" என்று இருந்த ஒவ்வொரு இடத்தையும் அடித்தேன். முதல் கோட்டை மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டேன். பிறகு பழகிவிட்டது. தவறு என்னுடையது என்று ஒரு கடிதமும் எழுதி மேலாளரிடம் நீட்டினேன்.

"ஒரு அடித்தல்கூட இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே?" என்றார் அவர்.

"இப்ப எழுநூத்துச் சொச்சம் இருக்கு" என்றேன்.

அதோடு விட்டேனா? விடுப்புத் தாளை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றோடு மூன்றாம் மாடிக்கு ஏறி, "கீழே சயாமா ஐந்து நாள் கொடுத்துட்டாங்க" என்றேன். நல்ல பெயர் சயாமாவுக்கு மட்டும் போவதா என்று சயா பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றோடு முதல் மாடிக்கு இறங்கி, "மேலே சயா கொடுத்துட்டாரு" என்றேன். அதற்குள் அது உண்மையாகியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். சயாமா ஆறு நாளாக எழுதவா என்று கேட்டார். வேண்டாம், ஐந்து போதும் என்று தடுத்தேன். இரண்டு தாளையும் பார்த்து மேலாளர் முத்திரை குத்தினார், நாலரை மணிக்கு மாவ்பிக்குப் போன் போட்டேன். "அப்ப பத்திரிகை அடிக்கக் குடுத்திடறேன்" என்றார் பெண்ணின் அப்பா, என்னமோ முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் போல.

கல்யாணத்துக்கு சயாவும் வந்தார், சயாமாவும் வந்தார். பந்தியில் இடம் இல்லாமல் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் கையெழுத்துப் போட்டது யார் என்று பேச்சு வந்திருக்கும் போலிருக்கிறது. இரண்டு தலையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. பாயசம் என்ன ஆயிற்று என்று பார்க்க நான் சமையற்கட்டுக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கோட்டும் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கியது. அடுப்புப் புகை என்று மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் வந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, அவருடைய பத்து நாள் விடுப்பை எழுதினேன். அதை வாங்கிக் கொடுக்க நான் பட்ட பாட்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். மத்தியானங்களில் மேசைக்கு எதிரே யாரும் வந்து உட்காரவில்லை. மேலும் கீழும் யாரும் ஓடவில்லை. எட்டு நாளே போதும் என்று அன்றைக்கு நாமே சொல்லியிருக்கலாமே என்று விடுப்பின் ஏழாம் நாள் மத்தியானம் எனக்குத் தோன்றியது.