திக்லிபூருக்கு ஏழு கெழமையும் சூலம்

இந்தத் தடவ வாயத் தொறந்து 'வேணாம்'னு மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு வேதாசலம் முடிவு பண்ணிட்டாரு. போன வருஷம் அப்பிடிச் சொல்லித்தான் பொண்டாட்டியாண்ட கெட்ட பேரு வாங்கினாரு. இந்தத் தடவ அவரு சொல்ல மாட்டாரு, பஞ்சாங்கம் சொல்லும். பஞ்சாங்கத்தாண்ட சொக்கம்மா எப்பிடி சண்ட போடுவா?

விஷயம் இதான். சொக்கம்மாவோட தங்கச்சி எளவரசிய அந்தமான்ல கட்டிக் குடுத்தாங்க. அந்தமான்னா போர்ட் பிளேர் இல்ல. அதுக்கும் வடக்கால, பஸ்ஸுல ஒரு பகல் பூராவும் போனா வர்ற திக்லிபூரு. கடக்கர, தென்னந்தோப்பு, அதத் தாண்டினா ஒண்ணும் கெடையாது. போன வருஷம் எளவரசி புருஷன் நெஞ்சு வலியில செத்துட்டாரு. கருமாதி அன்னைக்கு தாலி அறுத்தவளுக்கு பொறந்த வூட்லேந்துதான் கோடிப் பொடவ போவணும். அப்பா அம்மா போய்ட்டாங்க. பொறந்த வூடுன்னு மிச்சம் கீறது சொக்கம்மா ஒருத்திதான். வேதாசலம் வேணாம்னாரு, அவ போவல. உத்திரமேரூராண்ட கீற பெருநகர் கிராமத்துல உக்காந்துக்கினு போன்ல பாத்தா. பக்கத்து வூட்டு பெங்காலி பொம்பள ஒருத்தி தன் பொடவய எடுத்தாந்து எளவரசி தோள்ல போட்டா. எளவரசி போனப் பாத்து ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. டவர் போச்சு. வாயத் தொறந்த மாதிரியே படம் நின்னுபோச்சு.

அந்த மொகத்த சொக்கம்மா ஒரு வருஷமா வெச்சிக்கினு கீறா. அடுத்த வாரம் புதங்கெழம வருஷத் தெவசம். அன்னைக்கு கோடியோட அங்க நிக்கணும். அவ கேட்டது இவ்ளோதான்.

"போலாம்மே, யார் வேணாம்னது," ன்னாரு வேதாசலம். "ஆனா தனியா அனுப்ப மாட்டேன். நானும் வரணும். நாள் பாத்துதான் வரணும்."

வேதாசலத்துக்கு பெருநகர்ல நல்ல மரியாத. ஆத்தோரமா மூணு ஏக்கர் நெலம், சட்டப் பையில பஞ்சாங்கம். பொண்ணு பாக்கப் போறவன், பம்பு செட்டு வாங்கப் போறவன், கோர்ட்டுக்குப் போறவன், எல்லாரும் அவராண்ட நேரம் கேட்டுட்டுதான் செருப்பு மாட்டுவாங்க. அவருக்கு தண்ணின்னா பயம்னு யாருக்கும் தெரியாது. ஐயங்கார்குளத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப எல்லாரும் கொளத்துல எறங்கி கால் கழுவ, இவரு மேல்படியில நின்னுக்கினு செருப்புக்குக் காவல் காத்தாரு. ஒசரமும் அப்பிடித்தான். மாமரத்துக்குக் கீழ நின்னுதான் மாங்கா பறிப்பாரு. இப்பிடி ஒருத்தர கடல் மேல போவச் சொன்னா, பஞ்சாங்கம் இல்லாம வேற இன்னா கையில கீது?

சொக்கம்மா மொதல்ல கப்பல்னா. மெட்ராஸ்லேந்து ஏறினா மூணு நாளு.

வேதாசலம் கண்ணாடிய மாட்டிக்கினு வெரல மடக்கினாரு. திங்களும் சனியும் கெழக்கே சூலம், பொறப்படக் கூடாது. ஞாயித்துக்கெழம ஏறினா நடுக்கடல்ல திங்க வந்துடும். வியாழன், வெள்ளி ஏறினா சனிக்கெழம தண்ணியில மாட்டும். தரையில சூலம் வந்தா எறங்கி நின்னுக்கலாம், கடல்ல எங்க எறங்கறது? செவ்வாய், புதன் ஏறலாமேன்னு கேட்டா. அன்னைக்கு வடக்கே சூலம், மெட்ராஸே நமக்கு வடக்காலதான கீதுன்னாரு. ஏழு கெழமையும் முடிஞ்சுபோச்சு. இதுக்குப் பேரு பக்தி இல்ல. பதில மொதல்ல எழுதி வெச்சிக்கினு அதுக்குத் தோதா கணக்குப் போடற வேல. பரிச்சையில பசங்க பண்ணா வெளிய அனுப்புவாங்க. வூட்டுல ஆம்பள பண்ணா மரியாத.

சரி, ஏரோப்ளேன்ல போலாம்னா அவ. ரெண்டரை மணி நேரந்தான், சூலம் இல்லாத கெழமையா பாத்துப் போவலாம்.

வேதாசலம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்புறம் சொன்னாரு. "அது மேல ஏறினவொடனே நேராப் போவாது சொக்கு. ஒரு சுத்து சுத்தும். சுத்தும்போது நாலு தெசையும் பாத்துடும். எந்தக் கெழமன்னாலும் ஒரு சூலம் குத்தாம வுடாது."

போர்ட் பிளேர்லேந்து பஸ்ஸு கீதுன்னா. காட்டுக்குள்ள வண்டிங்கள ஒண்ணா சேத்துதான் வுடுவாங்க, சனிக்கெழம செக்போஸ்ட் கேட்டு தொறக்கற நேரம் ராகு காலம்னாரு. நடுவுல பஸ்ஸயே படகுல ஏத்துவாங்க, அப்ப அது பஸ்ஸா படகான்னு பஞ்சாங்கத்துல தெளிவா இல்லன்னாரு. ஹெலிகாப்டர் கீதாமேன்னு கேட்டா. அதுல எறக்கையே சுத்துதேன்னாரு.

"அப்ப எப்பதான் போறது?"

"ஐப்பசி கடசில ஒரு நாள் தோதா கீது. ஆனா அது பொயல் மாசம்."

சொக்கம்மா எழுந்து உள்ள போய்ட்டா. சண்ட இல்ல, அழுக இல்ல. மூணு நாளு ஒரு வார்த்த பேசல. சோறு மட்டும் நேரத்துக்கு வந்துது. வேதாசலத்துக்கு ஜெயிச்சிட்ட மாதிரி இருந்துது.

வெள்ளிக்கெழம காலையில அவ வாயத் தொறந்தா. ஒரு பைய நீட்டி, வேதகிரி அண்ணனாண்ட குடுத்துட்டு வான்னா. வேதகிரி கெழக்கால நாலு வூடு தள்ளி இருந்தாரு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பொண்டாட்டி இல்லாத ஒண்டி ஆளு. பொண்டாட்டி பேசிட்ட சந்தோஷத்துல வேதாசலம் பையில இன்னான்னு கூட கேக்கல, தோள்ல மாட்டிக்கினு நடந்தாரு. வேதகிரி கடிகாரத்தப் பாத்தாரு, பைய வாங்கி சாமி படத்தாண்ட வெச்சாரு, உக்காரச் சொன்னாரு. வேதாசலம் உக்காரல.

திரும்பி வந்தா தலவாசல்ல சொக்கம்மா நின்னுக்கினு இருந்தா.

"எங்க வர்ற?"

"இன்னாமே கேள்வி. வூட்டுக்கு."

"எப்பிடி வருவ? பொறப்புட்டுட்டியே."

வேதாசலத்துக்குப் புரியல. அவளே சொன்னா. "பையில உன் வேட்டி ரெண்டு, சட்ட மூணு, பிரஷர் மாத்தர. மணி ஒம்போதே கால், நல்ல நேரம். வெள்ளிக்கெழம கெழக்கே சூலம் இல்ல. கெழக்கால போய் வெச்சிட்டு வந்திருக்க. பரஸ்தானம் ஆயிப்போச்சுய்யா."

போற அன்னைக்கு நாள் சரியில்லன்னா, முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல பைய வெளிய எடுத்தும்போய் வேற வூட்டுல வெச்சிடுவாங்க. வெச்சிட்டா பயணம் தொடங்கியாச்சு. அப்புறம் எந்தக் கெழம போனாலும் சூலம் தொடாது. இதான் பரஸ்தானம். ஊருக்கே இத சொல்லிக் குடுத்தது வேதாசலம்.

"பைதான போச்சு," ன்னாரு. "ஆள் வூட்டுல தங்கலாம்."

"அடுத்தவன் தூக்கினு போனா தங்கலாம். தன் கையால தூக்கினவன் திரும்ப தலவாசல் மிதிக்கக் கூடாது. மிதிச்சா அந்த வூட்டுல ஒரு உசுரு போவும். இத சொன்னது யாரு?"

வேதாசலம் கை சட்டப் பையில பஞ்சாங்கத்தத் தேடிச்சு.

"இந்த வூட்டுல கீறதே ரெண்டு உசுரு," ன்னா சொக்கம்மா. "எத கேக்கற?"

எதிர்வூட்டுல ரெண்டு பேரு நின்னு கேட்டுக்கினு இருந்தாங்க. ஒரு கால மட்டும் உள்ள வெக்கலாமான்னு வேதாசலம் யோசிச்சாரு. வெச்சா இனிமே ஊர்ல ஒருத்தன் அவராண்ட நேரம் கேக்க மாட்டான். திரும்பி நடந்தாரு.

ரெண்டு ராத்திரி வேதகிரி வூட்டு நாடா கட்டில்ல படுத்தாரு. உத்திரமேரூரு மோகன் கடையில ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு வேதகிரி சொன்னாரு. சேதி பரவி ஜனங்க வழியனுப்ப வந்தாங்க. ஏரோப்ளேன்ல பயமா இருக்காதான்னு ஒருத்தன் கேட்டான். பயப்பட இன்னா கீதுன்னாரு வேதாசலம். அன்னைக்கு அவருக்கு கஞ்சி எறங்கல.

ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள பொறப்புட்டாங்க. உத்திரமேரூருக்கு ஒரு பஸ், அங்கேந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அப்புறம் எலெக்ட்ரிக் ட்ரெயின், திரிசூலத்துல எறங்கி சுரங்கப்பாத. சொக்கம்மா மடியில கோடிப் பொடவ.  ஏர்போர்ட் வாசல்ல துப்பாக்கி வெச்சிக்கினு ஒருத்தன் டிக்கெட் பாத்துக்கினு இருந்தான். அதத் தாண்டினா திரும்ப முடியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சுது. நின்னுட்டாரு.

"சொக்கு," ன்னாரு. "சூலமெல்லாம் ஒண்ணுமில்ல. எனுக்கு பயம்."

"தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"கல்யாணம் ஆனதுலேந்து." அவ அவரு மொகத்தப் பாக்கல, கோடியத்தான் பாத்துக்கினு இருந்தா. "இத போன வருஷமே சொல்லியிருந்தா, நான் மட்டும் போயிருப்பேன். எந்தங்கச்சி அடுத்தவ பொடவய போத்திக்கினு நின்னிருக்க மாட்டா."

வேதாசலம் வெரல மடக்கல. தல குனிஞ்சாரு. சொக்கம்மா டிக்கெட்ட எடுத்து நீட்டினா. அதுல ஒரு பேருதான் இருந்துது. வேதாசலம் ரெண்டு தடவ படிச்சாரு. அந்த ஒத்தப் பேரு தன் பேரு இல்லன்னு நிச்சயம் ஆனதும், அவ்ளோ நேரம் புடிச்சு வெச்சிருந்த மூச்ச வுட்டாரு. தனியா அனுப்ப மாட்டேன்னு இனிமே சொல்ல நாக்கு வரல.

"சரி சொக்கு, நீ பத்திரமா போய்ட்டு வா. நான் வூட்டுக்குப் போறேன்."

"எந்த வூட்டுக்கு? பொறப்புட்டவன் போய்ச் சேராம தலவாசல் மிதிக்கக் கூடாது," ன்னுட்டு சொக்கம்மா தன் பைய தூக்கிக்கினு வாசலப் பாத்து நடந்தா. நடந்துக்கினே சொன்னா. "சாவி எங்கூட வருது. வேதகிரி அண்ணனாண்ட பத்து நாளிக்கு உனுக்கும் சேத்து கஞ்சி வெக்கச் சொல்லியிருக்கேன்."